ரசம்: ஒரு சொல்லின் தெளிவும் மண்டியும்

எங்கள் தெருக்கோடியில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்த நாட்களில், கொத்தனார் ஒருவர் நிலைவாசலை நிறுத்திவிட்டுச் சித்தாளிடம் "அந்த ரசமட்டத்தை எடும்மா" என்று கை நீட்டினார். கட்டைக்குள் பதித்த சின்னக் கண்ணாடிக் குழலில் ஒரு குமிழி இப்படியும் அப்படியும் ஓடி, இரண்டு கோடுகளுக்கு நடுவே வந்து நின்றது. மதியம் அதே மனிதர் வேப்பமர நிழலில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார். சோறு, கொஞ்சம் பொரியல், தனியே ஒரு குட்டி பாட்டிலில் ரசம். பாட்டிலை அவர் குலுக்கவில்லை. மெல்லச் சாய்த்துத் தெளிவை மட்டும் சோற்றில் இறக்கினார். அடியில் தங்கிய மண்டியைக் கடைசிக் கவளத்துக்கு வைத்துக்கொண்டார்.

காலையில் அவர் கையில் இருந்த கருவியின் பெயரிலும் ரசம். மதியம் சோற்றில் ஊற்றியதும் ரசம். இரண்டுக்கும் என்ன உறவு என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். தக்காளியும் புளியும் மிளகும் சீரகமும் சேர்ந்த தெளிந்த நீருக்கு நாம் வைத்திருக்கும் பெயர், கண்ணாடியின் பின்பூச்சுக்கும் நாட்டியத்தின் உணர்ச்சிக்கும் தேவாலயத்துத் திராட்சைப் பானத்துக்கும் எப்படிப் பொருந்துகிறது? இவை தற்செயலாக ஒரே ஒலியில் வந்து சேர்ந்த வேறு வேறு சொற்களா, ஒரே சொல்லின் கிளைகளா? கிளைகள்தான் என்பது என் முடிவு. அந்தக் கிளைகளுக்குள் வேருக்கு மிக அருகில் நிற்பது அடுக்களை ரசம் என்பதும் என் முடிவு.

பேச்சுத் தமிழில் இந்தச் சொல்லால் யாரும் தடுமாறுவதில்லை. காரணம், வினைச்சொல் ஒவ்வொன்றும் வேறு. அடுப்பில் ரசம் வைக்கிறோம். சாத்துக்குடியிலிருந்து பழரசம் பிழிகிறோம். கண்ணாடிக்கு ரசம் பூசுகிறார்கள். சித்த மருத்துவ மரபில் ரசத்தைக் கட்டுகிறார்கள். நல்ல பாடகர் பாடினால் ரசம் சொட்டுகிறது. குழம்பைப் போலவே ரசத்தையும் 'வைப்பது' என்றுதான் சொல்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். 'ரசம் செய்தாள்' என்று எழுதினால் அது சமையலறைக்குள் நுழையாதவர் எழுதியது என்று தெரிந்துவிடும். 'ஒரு ரசம் கூட வைக்கத் தெரியாது' என்ற வசையில் அந்த 'கூட' எவ்வளவு கனமானது! சமையலின் அரிச்சுவடி ரசம் என்று அந்த ஓர் இடைச்சொல் சொல்லிவிடுகிறது. ரசம் வைத்துப் பழகியவர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

வேர்ச்சொல் வடமொழி. வேத காலத்திலேயே 'ரஸ' என்றால் செடிகொடிகளின் உள்நீர், சாறு, சாரம். அங்கிருந்து நாவில் படும் சுவை என்ற பொருள் வந்தது. ஆயுர்வேதத்தில் ஆறு சுவைகளும் ஆறு ரசங்கள். உண்ட உணவு செரித்து உடம்பில் முதலில் ஆகும் நீர்மையும் ரசம். ஏழு தாதுக்களில் அதுவே முதலாவது. சித்த மருத்துவத்தில் அதற்கு நேரான உடற்கட்டின் பெயர் சாரம். தைத்திரீய உபநிடதம் இன்னும் ஒரு படி ஏறி, பரம்பொருளையே ரசம் என்கிறது. செடியில் ஓடுவது, நாவில் படுவது, உடம்பில் பரவுவது, எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது என்று படிப்படியாகச் சொல் ஏறுகிறது. எந்தப் படியிலும் ஒன்று மட்டும் மாறவில்லை. ஒரு பொருளுக்குள் ஒளிந்திருந்து, பிழிந்தோ காய்ச்சியோ வெளியே எடுத்தபின் அந்தப் பொருளின் தன்மை முழுவதையும் காட்டுகிற நீர்மை அது.

தமிழுக்கு வந்தபோது சொல்லுக்கு ஒரு முன்வாசல் கட்ட வேண்டியிருந்தது. ரகரம் தமிழில் மொழிக்கு முதலில் வராது. அதனால் 'இரசம்' என்று எழுதினார்கள். பழைய நூல்களில் 'இரதம்' என்ற வடிவமும் உண்டு. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் ரசத்தைத் தேடுபவர்கள் இகரத்தில்தான் தேட வேண்டும். அங்கே 'இரச' என்று தொடங்கும் சொற்களின் வரிசை நீளமானது. இன்று இகரத்தை விட்டுவிட்டு எழுதுகிறோம். அடுக்களையில் 'இரசம்' என்று யாரும் உச்சரிப்பதில்லை என்பதால் நானும் ரசம் என்றே எழுதுகிறேன்.

ஆனால் இந்த வடமொழிப் பெயர் வருமுன் தமிழன் தன் சோற்றில் ஊற்றிக்கொண்ட தெளிநீருக்குப் பெயர் இல்லாமலா இருந்தது? இருந்தது. ஒன்றல்ல, பல. அவற்றில் முதன்மையானது சாறு. இதற்குச் சாட்சி நம் அண்டை வீடுகள். தெலுங்கில் ரசத்துக்கு இன்றும் சாரு, கன்னடத்தில் சாரு, துளுவிலும் அதே. திராவிட மொழிகள் பகிர்ந்துகொண்ட அந்தச் சொல்லை அவர்கள் அடுப்படியில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நாமோ கரும்புக்கும் எலுமிச்சைக்கும் கீரைக்கும் சாற்றைக் கொடுத்துவிட்டு, இலைக்கு ரசத்தை எடுத்துக்கொண்டோம். சங்கத் தமிழில் சாறு என்பதற்கு விழா என்ற பொருளும் உண்டு என்பதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. ஊர் கூடிக் கொண்டாடும் நாளுக்கும், கரும்பிலிருந்து பெருகும் இனிப்புக்கும் ஒரே ஒலிவடிவத்தை வைத்திருந்த மொழி இது.

சாறு என்ற பெயர் தமிழகத்தில் முழுக்க அற்றுவிடவில்லை. வைணவ வீடுகளில் ரசத்துக்குச் சாற்றமுது என்று பெயர்; பேச்சில் சாத்தமுது. சாறும் அமுதும் சேர்ந்தது. பாயசத்தைத் திருக்கண்ணமுது என்றும், கறியைக் கறியமுது என்றும் சொல்லும் அந்த வழக்கில், பெருமாளுக்குப் படைத்து வந்தது எல்லாமே அமுதுதான். தனித்தமிழ் ஆர்வலர்கள் மிளகுச்சாறு, மிளகுநீர் என்று எழுதினார்கள். சில திருமண விருந்து அட்டைகளில் இன்றும் அப்படிப் பார்க்கலாம். அவர்களுடைய மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் 'மிளகுநீர்' என்பதைப் படிக்கும்போது எனக்கு மணம் வருவதில்லை. 'சாறு' என்று படித்தால் வருகிறது. பிழைத்திருக்கும் சொல்லைத்தான் மீட்க முடியும் என்பதற்கு இது போதும்.

இன்னொரு பழைய பெயர் மிளகுத்தண்ணீர். இது கடல் கடந்து போய் வேறு ஆளாகத் திரும்பிய பெயர். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இதை 'முல்லிகட்டானி' என்று நாக்கை வளைத்துச் சொன்னார்கள். யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற ஆங்கிலோ இந்தியச் சொற்களின் அகராதி இதற்குத் தனிப் பதிவு தருகிறது. தொகுத்தவர்களில் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். மிளகும் தண்ணீரும் சேர்ந்த தமிழ்ச் சொல் இது என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்திருக்காது. அந்தப் பதிவில் 1784-ஆம் ஆண்டின் ஒரு பாட்டு மேற்கோளாக இருக்கிறது. ஹைதர் அலியின் சிறைக்கைதியாகப் பெங்களூரில் அடைபட்டிருந்த ஒரு கடற்படைக்காரர் எழுதியது. மிளகுத்தண்ணியும் கஞ்சியும்தான் தங்கள் சாப்பாடு என்று அதில் அவர் நொந்துகொள்கிறார். சிறையில் வெறுப்போடு குடித்த அதே நீர், பின்னர் சென்னை ராஜதானியின் வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பட்டப்பெயராகவே ஆயிற்று. வங்காளத்தவருக்கும் பம்பாய்க்காரர்களுக்கும் தனித்தனிச் செல்லப்பெயர்கள் இருந்தது போல, சென்னைக்காரர்களை அவர்கள் 'மல்' என்றார்கள். முல்லிகட்டானியின் குறுக்கம் அது.

பெயர் பிழைத்தது, பொருள் பிழைக்கவில்லை. இங்கிலாந்து போய்ச் சேர்ந்த முல்லிகட்டானியில் இறைச்சிச் சாறு சேர்ந்தது, மாவு சேர்ந்தது, கறித்தூள் சேர்ந்தது, சில கைகளில் ஆப்பிளும் அரிசியும் கூடச் சேர்ந்தன. 1878-இல் சென்னையில் இருந்து எழுதிய கர்னல் கென்னி ஹெர்பர்ட் தம் சமையல் நூலில் இதற்குப் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறார். கடைசியில் அது கெட்டியான சூப்பாக டின்னில் அடைபட்டது. ரசத்தின் உயிரான தெளிவு அதில் இல்லை. ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தினரோ வேறு வழியில் போனார்கள். அவர்கள் மிளகுத்தண்ணீரை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்து 'பெப்பர் வாட்டர்' என்றார்கள். சோற்றில் ஊற்றி, பக்கத்தில் வறுத்த கறி வைத்து இன்றும் சாப்பிடுகிறார்கள். அவர்கள் வீட்டுப் பானையில் இருப்பது ரசம்தான். சொல்லை விட்டுவிட்டுப் பொருளைக் காத்தவர்கள் அவர்கள்.

இப்போது தக்காளிக்கு வருகிறேன், ஏனென்றால் 'தக்காளி ரசம்' என்ற தொடரில் இரண்டு சொற்களுமே இடம் மாறியவை. தக்காளி என்பது நம் மண்ணின் பழைய சொல். மெல்லிய தாள் போன்ற உறைக்குள் சின்ன மஞ்சள் பழம் காய்க்கும் ஒரு காட்டுச்செடிக்கு அந்தப் பெயர் இருந்தது. சிறுபிள்ளைகள் அந்த உறையை நெற்றியில் அடித்துச் சொடுக்குச் சத்தம் கேட்பதால் சொடக்குத் தக்காளி. கறுப்புப் பழம் காய்க்கும் கீரைக்கு மணத்தக்காளி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியாக வந்த புதிய சிவந்த பழத்தை நம் ஆட்கள் சீமைத் தக்காளி என்றார்கள். எவ்வளவு கூர்மையான கண்! இன்றைய தாவரவியல் இந்த மூன்றையும் ஒரே குடும்பத்தில்தான் வைக்கிறது. மணத்தக்காளியும் தக்காளியும் ஒரே பேரினம் கூட. பழத்தின் வடிவத்தையும் காம்பையும் இலையையும் பார்த்து உறவைக் கண்டுபிடித்தவர்கள் பெயர் இல்லாத உழவர்கள். நாளடைவில் 'சீமை' உதிர்ந்தது. வந்தவருக்குத் தக்காளி என்ற பெயர் முழுமையாகப் போயிற்று. பழைய சொந்தக்காரருக்குத்தான் இப்போது அடைமொழி தேவைப்படுகிறது.

ரசத்திலும் அதேதான் நடந்தது. ஒரு காலத்தில் ரசம் என்றாலே புளியும் மிளகும். தக்காளி போட்டால் 'தக்காளி ரசம்' என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. இன்று சாதாரண ரசத்திலேயே இரண்டு தக்காளி பிசைந்துவிடுகிறோம். போடாவிட்டால்தான் 'புளி ரசம்', 'மிளகு ரசம்' என்று பெயர் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய நிலையைப் பார்க்க விரும்புபவர்கள் திவசச் சமையலைப் பார்க்கலாம். தக்காளிக்கும் மிளகாய்க்கும் அங்கே இடமில்லை. காரத்துக்கு மிளகு மட்டும். கடல் கடந்து வந்த காய்கறிகள் நுழையாத ஓர் அடுப்பு வீட்டுக்குள்ளேயே ஆண்டுக்கு ஒருமுறை எரிகிறது. அதில் வைக்கும் ரசம், தக்காளிக்கு முந்திய ரசத்தின் உயிருள்ள பிரதி.

தக்காளி இவ்வளவு எளிதாக ரசத்துக்குள் குடியேறியதற்குப் புளிப்பு மட்டும் காரணமல்ல. தக்காளியில் குளுட்டமேட் இயல்பாகவே மிகுதி. 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேதா 'உமாமி' என்று பெயரிட்டாரே, நம் ஆறு சுவைக் கணக்கில் தனியாக எண்ணப்படாத அந்த ஆழ்ந்த சுவையைத் தருவது அது. இறைச்சி சேராத ஒரு நீருக்கு, இறைச்சிச் சாறு தரும் நிறைவை அது கொஞ்சம் கொடுத்துவிடுகிறது. பருப்புத் தண்ணீரும் சேர்ந்தால் கேட்க வேண்டாம்.

தெளிந்த தக்காளிச் சாறு என்றதும் பிரெஞ்சுச் சமையல் அறிந்தவர்களுக்கு 'கொன்சொமே மாத்ரிலேன்' நினைவுக்கு வரும். மாத்ரித் நகரத்துப் பாணி என்று பொருள். இறைச்சிச் சாற்றில் தக்காளி சேர்த்து, முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து மெல்லக் காய்ச்சுவார்கள். கலங்கல் முழுவதையும் வெள்ளைக்கரு பிடித்துக்கொண்டு மேலே மிதக்க, கீழே கண்ணாடி போன்ற சாறு கிடைக்கும். பெரும்பாலும் குளிரவைத்து, விருந்தின் தொடக்கத்தில் கிண்ணத்தில் கொடுப்பார்கள். தக்காளி, தெளிவு இரண்டும் பொதுவாக இருந்தும் அது ரசத்துக்கு உறவில்லை. அங்கே கலங்கலை நீக்கிவிட்டால்தான் சாறு. இங்கே கலங்கல் அடியில் இருக்க வேண்டும், ஆனால் மேலே வரக் கூடாது. ஒரே பாத்திரத்துக்குள் இரண்டு ரசம் இருக்கிறது: மேலே தெளிவு, கீழே மண்டி. 'தெளிவா ஊத்தும்மா' என்பவரும் உண்டு. 'கலக்கி ஊத்து, மண்டி வேணும்' என்பவரும் உண்டு. பரிமாறுபவர் கரண்டியை எவ்வளவு ஆழம் விடுகிறார் என்பதில் இருக்கிறது விஷயம்.

தெளிவு எப்படி வருகிறது என்பதை அருகிலிருந்து பார்க்க வேண்டும். புளியைக் கரைத்து, தக்காளியைக் கையால் பிசைந்து விட்டு, மஞ்சளும் உப்பும் பெருங்காயமும் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிடுவார்கள். அதுவரை கொதிக்கலாம். பிறகு பொடியோ, இடித்த மிளகு சீரகம் பூண்டோ போட்டு, பருப்புத் தண்ணீரை விட்டு விளாவினால், அதன் பிறகு கொதிக்கக் கூடாது. பாத்திரத்தின் ஓரத்தில் வெண்ணுரை முதலில் வளையமாகக் கட்டும். நடுவில் இன்னும் செந்நீர் தெரியும். வளையம் நெருங்கி நெருங்கி நடுவை மூடும் அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும். நுரை உடைந்து கொதி வந்துவிட்டால் மணமும் போய்விடும், தெளிவும் போய்விடும். என் அத்தை அந்த நேரத்தில் யாருடனும் பேச மாட்டார். வாசலில் ஆள் வந்து கூப்பிட்டாலும் "இரு, ரசம் பொங்குது" என்ற ஒற்றை வாக்கியம்தான் வரும். மேலே நெய்யில் கடுகும் சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி, உடனே தட்டை எடுத்து மூடுவார். ரசம் தெளியும் நேரம் அதன் பிறகுதான், மூடிக்குள்.

அத்தையின் பாத்திரம் ஈயச் சொம்பு. பெயர் ஈயம் என்றாலும் நல்ல சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. காரீயம் கலந்தால் அது நஞ்சு. வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகிவிடும். விறகடுப்பின் சூடு அதைவிட எத்தனையோ மடங்கு. ஆனாலும் சொம்பு உருகுவதில்லை, ஏனென்றால் உள்ளே இருக்கும் நீர் 100 பாகையைத் தாண்டாமல் உலோகத்தைக் காக்கிறது. ரசம் இருக்கும்வரை பாத்திரம் பிழைக்கும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் அடி ஒழுகிவிடும். அதனால்தான் அந்தச் சொம்பைப் புதிதாக வந்த மருமகள் கையில் எளிதில் கொடுக்க மாட்டார்கள்.

ரசத்தை ஆங்கிலத்தில் சூப் என்று மொழிபெயர்ப்பதை நான் ஏற்பதில்லை. சூப் உணவுக்கு முன்னால் வருவது, பசியைத் தூண்டுவது, தனியே குடிப்பது. ரசம் சாப்பாட்டின் நடுவே வருவது: குழம்புக்குப் பின், மோருக்கு முன். சோற்றைக் குழித்துப் பாத்தி கட்டினால்தான் இலையில் நிற்கும். குழம்பின் கனத்தை அது கரைத்து, மோரின் குளிர்ச்சிக்கு வயிற்றைத் தயார் செய்கிறது. பந்தியில் வாளியோடு ரசக்காரர் வரும்போது, சில பெரியவர்கள் சோற்றில் வாங்காமல் இரண்டு கைகளையும் குவித்து ஏந்துவார்கள். சூடு பொறுக்காமல் ஊதி ஊதி உறிஞ்சி, கையை மறுபடி நீட்டுவார்கள். மலேசியாவின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் ரசத்தைச் சின்னக் குவளையில் தனியே வைக்கிறார்கள். அங்கும் அது சாப்பாட்டோடு வருவதுதான்.

வகைகளை அடுக்கினால் ஒரு நூலாகும். ஆனால் பெயர்களுக்குள் ஒரு வேறுபாடு தெரிகிறது. மிளகு, பூண்டு, எலுமிச்சை, கொள்ளு, வேப்பம்பூ, கண்டதிப்பிலி என்று பெரும்பாலானவை உள்ளே போன பொருளின் பெயரைத் தாங்குகின்றன. எதன் சாரம் இறங்கியிருக்கிறதோ அதன் ரசம். வேரின் பொருள் இங்கே துளியும் மாறவில்லை. நண்டு ரசம், நெஞ்செலும்பு ரசம் என்று அசைவத்துக்குப் போனாலும் அப்படியே: எலும்புக்குள் இருந்ததை நீருக்குள் இறக்குவது. கொங்கு நாட்டுச் செலவு ரசம் மட்டும் வேறு விதம். மருந்துச் சரக்குகளுக்கு அங்கே செலவு என்று பெயர். பிள்ளை பெற்றவளுக்கும் சளி பிடித்தவருக்கும் அதை வைத்துக் கொடுப்பார்கள். அடுப்பில் கொதிக்காத பச்சைப்புளி ரசம் கிராமத்து ஏழைமையின் கண்டுபிடிப்பு. புளியும் வெங்காயமும் மிளகாயும் கையால் கசக்கிய நீர் அது. வெயிலில் வேலை செய்து வந்தவருக்கு அதைவிட மேலானது எனக்குத் தெரிந்து இல்லை. ஈழத்தில் மல்லி, மிளகு, சீரகம், பூண்டு தூக்கலாக இருக்கும் ரசத்தோடு, காய்ச்சலுக்குக் கொடுக்கும் மல்லித்தண்ணியும் ஒரே குடும்பமாக நிற்கிறது. உணவுக்கும் மருந்துக்கும் நடுவே கோடு போட முடியாத இடத்தில் ரசம் இருப்பதால்தான், காய்ச்சல் விட்ட மறுநாள் எந்த வீட்டிலும் முதலில் கேட்பது ரசஞ்சாதம்.

மருந்து என்றதும் அடுத்த ரசத்துக்கு வந்தாக வேண்டும். பாதரசம். நீரைவிட 13 மடங்குக்கு மேல் கனமானது. சாதாரண வெப்பத்தில் நீர்மமாக இருக்கும் ஒரே உலோகம். மண்ணிறச் சிவப்பான சாதிலிங்கத்தைச் சூடேற்றினால் அதற்குள்ளிருந்து வெள்ளித்துளிகளாக ஒழுகி வருவதைப் பார்த்தவர்களுக்கு, கல்லின் சாறு இது என்று தோன்றாமல் இருந்திருக்காது. மற்ற உலோகங்களைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும் அதன் குணத்தை வைத்து ரசம் என்ற பெயருக்கு விளக்கம் சொல்லும் மரபும் உண்டு. சித்தர்கள் அதைக் கட்ட முயன்றார்கள். ஓடுவதை நிறுத்தி மணியாக்கினால் ரசமணி. தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்கும் கலை ரசவாதம். இன்று அந்தக் கலையை யாரும் நம்பாவிட்டாலும் சொல் பிழைத்திருக்கிறது. ஒரு மனிதரைக் காதலோ துயரமோ அடியோடு மாற்றிவிட்டால் ரசவாதம் நடந்தது என்று எழுதுகிறோம்.

பழைய கண்ணாடிகளின் பின்புறம் வெள்ளீயத் தகட்டின் மேல் பாதரசம் ஊற்றிச் செய்த பூச்சு. 1835-இல் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் வெள்ளிப் பூச்சு முறையைக் கண்டபின் பாதரசம் மெல்ல விலகியது. ஆனாலும் பூச்சு உதிர்ந்த கண்ணாடியை நாம் 'ரசம் போன கண்ணாடி' என்றே சொல்கிறோம். கொத்தனாரின் ரசமட்டமும் அப்படித்தான். அந்தக் குழலுக்குள் இருப்பது சாராய வகை நீர். பாதரசம் பெயரில் மட்டும். பாதரசத்தின் நஞ்சையும் தமிழகம் நேரில் கண்டது. கொடைக்கானலில் வெப்பமானி செய்த ஓர் ஆலையின் பாதரசக் கழிவு மலையையும் தொழிலாளரையும் வருத்தி, 2001-இல் அந்த ஆலை மூடப்பட்டது. முதுமையை நீக்கும் மருந்து முறை என்று தொடங்கிய 'ரசாயனம்' என்ற சொல்லுக்கு, சந்தையில் இன்று 'ரசாயனம் கலக்காதது' என்ற விளம்பரம் வருமளவுக்கு அச்சம் ஏறியிருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பாடத்தின் பெயர் வேதியியல் ஆகிவிட்டது. இலங்கையில் அது இன்றும் இரசாயனவியல்.

கலையின் ரசத்தைப் பேசுபவர்கள் பெரும்பாலும் அடுக்களையை மறந்துவிடுகிறார்கள். பரதர் மறக்கவில்லை. நாட்டிய சாஸ்திரத்தில் ரசம் என்றால் என்ன என்று விளக்க வேண்டிய இடத்தில் அவர் எடுத்த உவமையே சமையல். பலவகைச் சரக்குகளும் மூலிகைகளும் சேரும்போது, அவற்றில் எதுவுமல்லாத ஒரு சுவை பிறந்து, அதை உண்பவர் மகிழ்வது போல, பலவகை மெய்ப்பாடுகள் சேரும்போது ரசம் பிறக்கிறது என்பது அவர் கருத்து. மிளகு தனியே காரம், புளி தனியே புளிப்பு. இரண்டும் சேர்ந்த ரசம் மூன்றாவது ஒன்று. அவர் சொன்ன ரசங்கள் எட்டு. அமைதி என்ற சாந்தம் பின்னால் சேர்ந்து ஒன்பதானது. தொல்காப்பியமும் நகையில் தொடங்கி உவகை வரை எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது; தண்டியலங்காரம் சுவையணி என்றே ஓர் அணியை வைத்திருக்கிறது. வடமொழியும் தமிழும் ஆளுக்கொரு சொல்லால் கலையை நாவோடு கட்டியிருக்கின்றன.

கலையிலிருந்து இந்தச் சொல் சமூகத்துக்குள் எப்படிப் பரவியது என்பது தமிழில் தனிக்கதை. ரசிகன், ரசனை, ரசிகர் மன்றம். குற்றாலச் சாரலில் கம்பனைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த டி.கே.சிதம்பரநாத முதலியாருக்கு ரசிகமணி என்று பட்டம். அதே கம்பனிடம் விரசத்தைக் கண்ட அண்ணா, தம் நூலுக்கு வைத்த பெயர் 'கம்பரசம்'. ஒரு கவி, ஒரே வேர்ச்சொல், எதிரெதிரான இரண்டு தீர்ப்புகள். விரசம் என்பதற்கு முதலில் சுவையற்றது என்றே பொருள்; பிறகுதான் அது ஆபாசத்தைக் குறிக்கலாயிற்று. சரசம் என்றால் சுவையோடு கூடியது; இன்று காதல் விளையாட்டு. சமரசம் ஒத்த சுவை. அந்தச் சொல்லை வள்ளலார் 1872-இல் தம் சங்கத்தின் பெயரிலேயே வைத்தார், 'சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம்' என்று. எல்லா உயிருக்கும் சோறு என்று அடுப்பு மூட்டியவரின் சங்கத்துக்குச் சுவையின் சொல்லில் பெயர் அமைந்தது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தருவது. நீதிமன்றத்திலும் பஞ்சாயத்திலும் 'சமரசமாப் போங்க' என்று சொல்லும்போது அந்தச் சுவை பெரும்பாலும் மறந்துபோயிருக்கும்.

தீபாவளிக்குச் சுடும் அதிரசத்தையும், வாழைகளில் ரஸ்தாளியையும் இந்தக் குடும்பத்தில் சேர்க்க வேண்டும். ரஸ்தாளிக்குப் பழைய வடிவம் இரசதாளி. தமிழ் விவிலியத்தில் ஒயினுக்குத் திராட்சரசம். கானா ஊர்த் திருமணத்தில் தண்ணீர் திராட்சரசமான கதையைத் தேவாலயத்தில் கேட்டுவிட்டு, அன்றைய கலியாண விருந்தில் புளி ரசம் வாங்கிச் சாப்பிடும் குடும்பங்கள் நம் ஊர்களில் எத்தனையோ. ஒரே நாளில் இரண்டு ரசமும் அவர்கள் காதில் விழுகின்றன. குழந்தை கூட ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வதில்லை.

அகராதிகளிடம் எனக்கு ஒரு குறை உண்டு. இந்தக் கிளைகளை எல்லாம் அவை அடுக்குகின்றன. ஆனால் ரசத்தின் தெளிவு, ரசத்தின் மண்டி, விளாவுதல், நுரை கட்டுதல் என்ற சொற்களை ரசத்தின் பதிவுக்குள் கொண்டுவருவதில்லை. ஒரு சொல் உயிரோடு இருப்பது அதைச் சுற்றி வாழும் இத்தகைய சொற்களால்தான். அத்தை போனபின் ஈயச் சொம்பு என்னிடம் வந்தது. முதல்நாள் ரசம் வைத்தபோது நுரை வளையம் நடுவை மூடும் நொடியைத் தவறவிட்டேன், கொதித்துவிட்டது. மூடி வைத்துக் காத்திருந்தும் தெளியவில்லை. அன்று மேலிருந்து அடிவரை மண்டிதான் இருந்தது, அதையே கலக்கி ஊற்றிக்கொண்டேன்.